பச்சரிசி தின்னும் பிள்ளை

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். கம்பம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. தினமும் விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். வீடு திரும்ப இருட்டிவிடும். மகளுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறாள். போன வருஷம் வயசுக்கு வந்தாள். அதிலிருந்து ஒரு தடவை 25 நாளில் வருகிறது, ஒரு தடவை 40 நாள் ஆகிறது. வந்தால் எட்டு, ஒன்பது நாளைக்கு நிற்பதில்லை. முதல் மூன்று நாள் வயிற்றுவலியில் சுருண்டு படுத்துக்கொள்கிறாள், பள்ளிக்கூடம் போவதில்லை. என் மாமியார் அவளைத் திண்ணையில் படுக்க வைக்கிறார். துணிதான் வைக்க வேண்டும், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கட்டப்பனையில் இருக்கும் நாத்தனார், இங்கெல்லாம் உள்ளே வைத்து ரத்தம் பிடிக்கிற கப் வைக்கிறார்கள், துணியை விட்டுத்தள்ளு என்கிறாள். துணியால்தான் இப்படி ஆகிறதா? கன்னிப்பிள்ளைக்குக் கப் வைக்கலாமா? மெடிக்கலில் கேட்டு நிறுத்துகிற மாத்திரை வாங்கித் தரலாமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் உள்ளே கைவைத்துப் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், பிள்ளை பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். வயிற்றில் பூச்சி இருக்குமோ?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் கடைசியாக எழுதினீர்களே, பச்சரிசி தின்கிறாள் என்று, அந்த வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மலையடிவாரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, விபூதி, அடுப்புச் சாம்பல் என்று ஆசையாய்த் தின்னும் பிள்ளைகளை அம்மாக்கள் கூட்டிவருவார்கள். “அடிச்சுப் பாத்துட்டேன் டாக்டர், கேக்க மாட்டேங்குறா” என்பார்கள். அடித்தால் நிற்காது. உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோனால் இப்படி ஒரு தின்னும் வேகம் வரும். அது பிள்ளையின் கெட்ட பழக்கம் இல்லை. தயவுசெய்து அதற்காக அவளைத் திட்டாதீர்கள்.

நாளைக் காலையில் ஜீப்புக்குக் கிளம்புமுன், டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் கீழ் இமையை உங்கள் கட்டைவிரலால் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் மாதுளை முத்துப்போலச் சிவந்திருக்க வேண்டும். வெளுத்து, கழுவின துணிபோல இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. சிவப்பாகத் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து முதலில் சேமிப்பிலிருந்துதான் கரையும், ரத்தத்தின் நிறத்தில் தெரிவதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

பூச்சியும் இருக்கலாம். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், அதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை போதும். ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் ரத்தம் எங்கே போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: எட்டு, ஒன்பது நாள்.

இனி நீங்கள் கவலைப்படும் தேதிக்கு வருகிறேன். 25 நாள், 40 நாள் என்று மாறி மாறி வருவது இந்த வயதில் நோயே இல்லை. வயசுக்கு வந்த முதல் இரண்டு, மூன்று வருஷம் சினைமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராது. மூளையும் சினைப்பையும் ஒன்றோடொன்று பேசிப் பழக அவ்வளவு நாள் ஆகும். வளரும் பிள்ளைக்கு 21 நாளிலிருந்து 45 நாள் வரைக்கும் எப்போது வந்தாலும் சரிதான். மூன்று மாதம் வரவே இல்லை என்றால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். காலண்டரைப் பார்த்துப் பார்த்து நீங்கள் பட்ட கவலையை இறக்கி வைத்துவிடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைவிட, எவ்வளவு போகிறது என்பதுதான் முக்கியம். நம் வீடுகளில் அதை யாரும் எண்ணுவதே இல்லை. சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் போகும் ரத்தம் 30, 40 மில்லிதான், ஒரு சின்ன டீ கிளாஸில் பாதிகூட வராது. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். வீட்டில் அளந்து பார்க்க முடியாது, ஆனால் கணக்கு வைக்கலாம். ஏழு நாளுக்கு மேல் போனால் அதிகம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைந்துவிட்டால் அதிகம். பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுந்தால் அதிகம். ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, பாவாடையில் கறை படுகிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஒரு பழைய நோட்டில் அவளையே எழுதச் சொல்லுங்கள்: வந்த தேதி, நின்ற தேதி, ஒவ்வொரு நாளும் எத்தனை மாற்றினாள், எத்தனை முழுசாக நனைந்தது. டாக்டருக்கு அந்த நோட்டு ஒரு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

நோட்டு நிரம்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நாள் கம்பம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். “உள்ளே கைவைத்துப் பார்ப்பார்களோ” என்ற பயத்திலேயே எத்தனையோ அம்மாக்கள் பிள்ளைகளை வருஷக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: இந்த வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்கத் தேவையே இல்லை. கையில் ரத்தம் எடுப்பார்கள். வேண்டுமானால் தண்ணீர் குடிக்க வைத்து, மூத்திரம் முட்டிய பிறகு வயிற்றின் மேல் ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பார்கள். நீங்கள் பக்கத்திலேயே நிற்கலாம். எந்தப் பரிசோதனையானாலும் என்ன, எதற்கு என்று பிள்ளையிடமும் சொல்லச் சொல்லுங்கள். உடம்பு அவளுடையது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், இரும்புச்சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, அதோடு ரத்தம் உறையும் நேரம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 13 வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சோகை இருந்தது.

ரத்தம் உறைவதை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், முதல் மாதவிலக்கிலிருந்தே இப்படி நீண்டு போகும் பிள்ளைகளில் சிலருக்குக் கர்ப்பப்பையில் ஒரு கோளாறும் இருக்காது, ரத்தத்திலேயே உறைய வைக்கும் சத்து குறைவாக இருக்கும். வான் வில்லிபிராண்ட் நோய் என்று ஒன்று உண்டு. 1926ல் பின்லாந்து டாக்டர் ஒருவர் அதைக் கண்டு எழுதினார், அவர் பெயரைத்தான் நோய்க்கு வைத்திருக்கிறார்கள். அவர் பார்த்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி தன் நான்காவது மாதவிலக்கிலேயே ரத்தம் போய் இறந்துபோனாள். அன்றைக்கு மருந்து இல்லை. இன்றைக்கு இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் சமாளிக்கலாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, இதைக் கேட்காமல் விட்டுவிடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். அவளுக்கு மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமா? பல் விழுந்தபோது வெகுநேரம் நிற்காமல் வந்ததா? லேசாக இடித்தாலே நீலம் பாய்கிறதா? குடும்பத்தில் பிரசவத்திலோ பல் பிடுங்கியபோதோ யாருக்காவது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா? நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் தாய்மாமன், அத்தைமகன் என்று சொந்தத்தில் கட்டியவர்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் தேனிப் பக்கம் கானாவிலக்கு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புவார்கள்.

ஸ்கேனில் “நீர்க்கட்டி” என்று எழுதி வந்தால் இடிந்துபோய் உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த வயதில் சினைப்பையில் குட்டிக் குட்டியாய்ப் பல முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து நீர்க்கட்டி நோய் என்று முடிவு கட்டக்கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்குக் குழந்தையே பிறக்காது என்று அழுத அம்மாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மெடிக்கலில் நீங்களாக மாத்திரை கேட்காதீர்கள். அங்கே தருவது பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரை. சாப்பிடும்வரை நிற்கும், விட்டதும் திரும்ப வரும், காரணம் என்னவென்றும் தெரியாமல் போகும். டாக்டர் பார்த்துவிட்டு அதே வகை மாத்திரையையோ, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையையோ எழுதித் தந்தால், தயங்காமல் கொடுங்கள். அதனால் பின்னால் பிள்ளைப்பேறு கெடாது. நடுவில் என்றைக்காவது ஒரு மணிக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தாலோ, பிள்ளை எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்தாலோ, விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். நீங்கள் மலையில் இருக்கும் நேரத்தில் அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

வலிக்கு வருவோம். கர்ப்பப்பையின் உள்சவ்வு உரியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருள் சுரந்து, கர்ப்பப்பையைப் பிழிகிற மாதிரி இறுக்குகிறது. வலி அதனால்தான். முதுகுவலி, வாந்தி, வயிற்றுப்போக்குகூட வரலாம். “பொம்பளைன்னா பொறுத்துக்கணும்” என்று சொல்லி மாதம் மூன்று நாள் படிப்பைத் தின்னக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வருஷத்துக்கு முப்பது நாளுக்குமேல் ஆகிறது. வெந்நீர்ப் பை வைத்தால் நன்றாகவே கேட்கும், ரப்பர் பை இல்லாவிட்டால் மூடி இறுகிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக்கொள்ளலாம். மெஃபெனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் அந்தப் பொருள் சுரப்பதையே தடுக்கும். வலி முற்றிய பிறகு போட்டால் பாதிதான் கேட்கும், தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். ஆனால் உங்கள் மகளுக்கு ரத்தம் உறைவதைச் சோதித்து முடிவு வரும்வரை அவையும் வேண்டாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது. அதுவரை பாராசிட்டமால் போதும். பிறகு டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

அடுத்தது துணி. மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். துணியால் ரத்தப்போக்கு கூடாது, நாள் நீளாது. சுத்தமான பழைய பருத்திச் சேலைத் துணி ஒன்றும் கெடுதல் இல்லை. அது எங்கே காய்கிறது என்பதில்தான் கெடுதல் வருகிறது.

சில வருஷத்துக்கு முன்னால், ஆடிச் சாரல் நிற்காமல் அடித்த ஒரு வாரத்தில், எஸ்டேட் லயத்திலிருந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். தொடையிடுக்கெல்லாம் படர்ந்து, சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. நடக்க முடியாமல் காலை அகட்டி வைத்து வந்தாள். எந்தத் துணி வைக்கிறாய் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தாள். நன்றாகச் சோப்புப் போட்டுத் துவைத்த துணிதான், கறைகூட இல்லை. எட்டாக மடித்திருந்தாள். மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் ஈரம், கிணற்றுப் பாசி வாடை. எங்கே காயப்போடுகிறாய் என்றேன். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதாம், அங்கே செருகி வைப்பாளாம். கொடியில் போட்டால் அண்ணன், அப்பா கண்ணில் படுமே என்று. பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த களிம்பு பத்து நாளில் வேலை செய்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, வெயில் படுகிற இடத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது.

துணி வைக்கிறாள் என்றால், பச்சைத்தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் விரித்துக் காயப் போடட்டும். இன்னொரு பாவாடைக்கு அடியில் ஒளித்துப் போட்டால் வெயில் படாது. சாரல் மாதங்களில் துணியை விட்டுவிட்டு நாப்கின் வைக்கட்டும். எதை வைத்தாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். காலையில் வைத்ததோடு சாயங்காலம் வீடு திரும்புகிறாளா என்று கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்படித்தான் திரும்புகிறார்கள். பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்று காரணம் சொல்வார்கள். வகுப்பு டீச்சரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள். பையில் இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, சுற்றிப் போடப் பழைய பேப்பர், இவற்றை ஒரு சின்னத் துணிப்பையில் எப்போதும் வைத்திருக்கட்டும். கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும், முன்னாலிருந்து பின்னால். மூன்று நாள் குளிக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், தினமும் குளிக்கட்டும்.

தமிழ்நாட்டில் ‘புதுயுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் தருகிறார்கள். பள்ளியில் வாங்குகிறாளா என்று கேளுங்கள். வருஷத்துக்கு 18 பாக்கெட், ஒன்றுக்கு 6 என்றால் மொத்தம் 108, மாதத்துக்கு 9தான் வரும். உங்கள் மகளுக்கு அது இரண்டு, மூன்று நாளைக்குக் காணும். மீதிக்கு மக்கள் மருந்தகத்தில் ‘சுவிதா’ நாப்கின் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும். எல்லா நாளும் நாப்கினே வாங்க முடியாவிட்டால், போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் அது, குறைந்த நாட்களில் வீட்டில் இருக்கும்போது துணி என்று கலந்து வையுங்கள்.

நாத்தனார் சொன்ன கப்பில் தவறு ஒன்றும் இல்லை. கேரளாவில் அது நன்றாகப் பரவியிருக்கிறது. 2019ல் ஆலப்புழை நகராட்சியில் ‘திங்கள்’ என்று பெயர் வைத்து 5,000 கப் கொடுத்தார்கள், 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கியை நாப்கின் இல்லாத ஊராட்சி என்றே அறிவித்தார்கள். கன்னிப்பிள்ளை வைத்தால் உடம்புக்குத் தீங்கு இல்லை. கன்னித்திரை விரிந்து கொடுக்கும் ஒரு மெல்லிய சவ்வு, அது ஒருத்தியின் ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்லும் சீல் அல்ல. ஆனாலும் 13 வயதில், தன் உடம்பு இன்னும் பிடிபடாத பிள்ளையிடம் இதைத் திணிக்க வேண்டாம். பின்னால் அவளே கேட்டால் பார்க்கலாம்.

இப்போது கப் யாருக்குப் பொருந்தும் என்றால், உங்களுக்கு. இருட்டோடு போய் இருட்டோடு வருகிறீர்கள். ஏலச்செடி மறைவைத் தவிரத் தோட்டத்தில் ஒதுங்க இடம் இருக்காது, மழையென்றால் அட்டை வேறு. ஒருமுறை வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும், வீட்டில் வைத்து வீட்டில் எடுக்கலாம். உங்களுக்கும் போக்கு அதிகம் என்றால் முன்பே கொட்ட வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் போதும், வருஷக்கணக்கில் உழைக்கும். காப்பர் டி போட்டிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு வையுங்கள். முதல் இரண்டு மாதம் தடுமாறும், அப்புறம் பழகிவிடும்.

மாமியார் பாசமாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று நம்புகிறேன். நீங்கள் மலையில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளைக்குச் சோறு போடுவது அவர்தானே. அவர் கிண்டித் தரும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தொடரட்டும். ஆனால் திண்ணைப் படுக்கையை நிறுத்துங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறுமியை வயசுக்கு வந்ததால் தனிக்குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னைமரம் குடிசைமேல் விழுந்து அவள் இறந்துபோனாள். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள். ரத்தக் குறைவில் தலைசுற்றும் பிள்ளை ராத்திரி திண்ணையில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். பேத்தியின் வெளுத்த இமையை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சுக்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை. கல்யாணம் இதற்கு மருந்தில்லை, 18 வயதுக்கு முன் அது குற்றம், சோகையோடு கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து.

சோறு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். நம் ஊரில் பன்னீர் திராட்சையும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பார்கள். நிறம் சிவப்பு, அவ்வளவுதான், இரும்பு கொஞ்சமே. கம்பு, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், இவற்றில்தான் இருக்கிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது, இரும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது சோகை வராமல் தடுக்க, வந்துவிட்ட சோகையைத் தீர்க்க அது போதாது. டாக்டர் தரும் இரும்பு மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும். பச்சரிசி ஆசை அதற்கு வெகுமுன்பே தானாகப் போய்விடும். அதுதான் முதலில் தெரிகிற நல்ல சேதி.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? இங்கே வரும் தோட்டத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், மூத்திரக்கடுப்போடு வருகிறார்கள். ஒரு பாட்டில் தண்ணீராவது குடியுங்கள். மகளைக் கூட்டிப்போகும் நாளில் உங்களுக்கு ஒரு நாள் கூலி போகும், எனக்குத் தெரியும். போவதுதான் போகிறது, அதே வரிசையில் நீங்களும் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு பேர் ஹீமோகுளோபினையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து என்ன செய்வது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.